தோல் நீக்கிய கணக்கு

திராட்சைப் பழத்தைத் தோல் உரித்துச் சாப்பிடுகிற மனுஷனோடு குடும்பம் நடத்துவதென்றால் பொறுமை வேண்டும். கண்ணாடிக்காரம்மாவுக்கு அது கொட்டிக் கிடந்தது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். எதிரே உட்கார்ந்தவர்களின் கண்முன் வில்லையை மாற்றி மாற்றி வைத்து, "இப்ப நல்லாத் தெரியுதா, முன்னாடி நல்லாத் தெரிஞ்சுதா?" என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. சிலர் ரெண்டும் ஒண்ணுதான் என்பார்கள். சிலர் தெரியாததைத் தெரிகிறது என்பார்கள். அவள் முகம் சுளிக்காமல் இன்னொரு தரம் கேட்பாள். அந்தப் பழக்கம்தான் வீட்டிலும் கை கொடுத்தது.

வீட்டுக்காரருக்கு அரசாங்க உத்தியோகம். பயிருக்கு அடிக்கிற மருந்தில் எவ்வளவு மிச்சம் காயிலும் பழத்திலும் ஒட்டியிருந்தால் ஜனங்களுக்குக் கெடுதல் இல்லை என்று கணக்குப் போடுகிற அலுவலகம். மருந்தை எலிக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். எந்த அளவு வரைக்கும் எலி சுகமாக இருக்கிறதோ அந்த அளவை நூறால் வகுத்து, மனுஷனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தாங்கும் என்று வைப்பார்கள். எலி வேறு மனுஷன் வேறு என்பதற்காக ஒரு பத்து. மனுஷரிலேயே நோஞ்சான் உண்டு, முரடன் உண்டு என்பதற்காக இன்னொரு பத்து. இந்த நூறு அவர் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. சாயங்கால ரயிலுக்கு மத்தியானமே போய் உட்கார்ந்துகொள்வார். நாற்காலியை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அதில் உட்காருவார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் தெரிந்தால் கையில் ஒரு குடை, பையில் ஒரு குடை. அலுவலகத்தில் அவருக்கு நூறு சார் என்றே பெயர். அவர் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவருக்கும் உள்ளூரப் பெருமைதான்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவள் ஆரஞ்சு ஜாம் கிண்டினாள். தோலைத் தீக்குச்சி கனத்துக்கு அரிந்து, கசப்பு போக மூன்று தரம் கொதிக்கவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சாறும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்ட வேண்டும். தோல் பளபளவென்று ஆகிவிடும், தோல் என்றே தெரியாது. அவர் ரொட்டியில் தடவி ஒரு கடி கடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னது இது?"

"ஆரஞ்சு" என்றாள். அது பொய்யில்லை.

"நீள நீளமா இருக்கே, சுளையைப் பிச்சுப் போட்டியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் இரண்டாவது ரொட்டியை எடுத்தார். தோல் என்ற ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்திருந்தால் அந்த ரொட்டி அப்படியே தட்டில் கிடந்திருக்கும். ஆசையாகச் சாப்பிடுகிற மனுஷனை ஏன் தடுப்பானேன் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடின வாய் மூடினதுதான்.

அப்புறம் சொல்வதற்கு நல்ல வேளையே வாய்க்கவில்லை. ஒரு வருஷம் கழித்துச் சொன்னால் ஒரு வருஷமா ஏமாத்தினியா என்பார். பத்து வருஷம் கழித்துச் சொன்னால் என்ன சொல்வார் என்று நினைக்கவே பயமாக இருந்தது. மகள் வளர்ந்து அவளும் கூட்டுச் சேர்ந்துகொண்டாள். இதில் வேடிக்கை, தோலை உரித்துக் கொடுப்பதே அவர்தான். சாயங்காலம் வந்து கைகால் கழுவிக்கொண்டு, ஆரஞ்சை ஒரு நார் விடாமல் உரித்துத் தோலைத் தட்டில் அழகாக அடுக்கி, "குப்பைல போட்டுடு" என்று நீட்டுவார். தட்டு சமையலறைக்குள் போகும், காலியாகத் திரும்பி வரும். திராட்சைத் தட்டும் அப்படித்தான்.

ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் அலுவலகம் எப்படிக் கணக்குப் போடும்? சில வருஷங்களுக்கு முன்னால் அதற்காக ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். ஊரெல்லாம் போவதற்கு முன்னால், கேள்விகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க அலுவலர்கள் வீட்டிலேயே ஒத்திகை. ஒரு பெண் தராசும் கையுமாக வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். எல்லாக் கேள்விக்கும் நூறு சாரே பதில் சொன்னார். ஆரஞ்சு என்றதும், "சுளை மட்டும். தோல் குப்பைக்கு" என்றார், கொஞ்சம் கம்பீரமாகவே. சுவருக்கு இந்தப் பக்கம் கண்ணாடிக்காரம்மா அந்தக் குப்பையைத்தான் அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். "ஏதோ நல்ல வாசனை வருதே" என்றாள் வந்த பெண். இவள் கரண்டியோடு நின்று சிரிப்பை அடக்கினாள். ஒத்திகை நடந்த எல்லா வீடுகளிலும் மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அதே பதிலைச் சொன்னதால், ஆரஞ்சுத் தோலைப் பற்றிய கேள்வியையே எடுத்துவிட்டார்கள். ஊருக்குப் போன தாளில் அது இல்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் மூன்று வயசுப் பேத்தி வீட்டிலும் கடையிலுமாகப் பாதி நாள் இவர்களோடுதான் இருப்பாள், ஞாயிறும் சேர்த்து. அவளுக்குக் குட்டி என்று பெயர் வைத்தவர் தாத்தா. குட்டிக்கு ஜாம் என்றால் உயிர். ரொட்டியெல்லாம் வேண்டாம், கரண்டியும் பாட்டிலும் போதும். அதற்கு 'மஞ்சா' என்று பெயர் வைத்திருந்தாள். "தாத்தா, மஞ்சா" என்றால் தாத்தா எழுந்து ஓடுவார்.

அவளை மடியில் வைத்துக்கொண்டு, புதன்கிழமைக் கூட்டத்தில் பேச வேண்டியதை நூறு சார் மனைவிக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தார். எந்தக் கூட்டமானாலும் ஒரு தரம் வீட்டில் ஒப்பிக்காமல் போகமாட்டார்.

"கிடங்குல ஆரஞ்சு பூசணம் பிடிக்காம இருக்க மெழுகோட ஒரு மருந்து பூசுவாங்க. கம்பெனிக்காரங்க அந்த அளவைக் கூட்டிக்கொடுங்கன்னு கேக்கறாங்க. கூட்டினா பழம் ரெண்டு மாசம் கூடுதலா நிக்குமாம். எனக்கென்னவோ கூட்டிக்கொடுக்கலாம்னுதான் படுது."

"கூட்டினா கெடுதல் இல்லையா?"

"அதுக்குத்தானே நான் இருக்கேன்" என்று மேசையில் இருந்த டம்ளரை இழுத்தார். "இது குட்டியோட டம்ளர்னு வெச்சுக்கோ. இது நிறைஞ்சா, அதுக்கு மேல அவளுக்கு ஆகாது." செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். கால் டம்ளர்கூட வரவில்லை. "புது அளவுல சுளைலேர்ந்து அவளுக்குப் போறது இவ்வளவுதான். மருந்து அத்தனையும் தோல்லயே நின்னுடும். உள்ள இறங்கறது கொசுறு."

கண்ணாடிக்காரம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"தோல்ல நின்னுடுமா?"

"தோல்லதான். தோலை யாரும் சாப்பிடறதில்ல. அதனால அதைக் கணக்குல சேர்க்கறதில்ல."

"ஒருவேளை யாராச்சும் சாப்பிட்டா?"

"எவன் சாப்பிடுவான், மாடா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் விடாமல் பார்ப்பதைக் கண்டு, சரி, இவளுக்காக என்று செம்பை மறுபடியும் சாய்த்தார். டம்ளர் நிறைந்தது. வழிந்தது. மேசையெல்லாம் ஓடி குட்டியின் பாவாடையை நனைத்தது. குட்டி கை தட்டினாள். "இதோ, இந்தக் கதிதான். அதான் யாரும் சாப்பிடறதில்லையே!" என்று துண்டால் துடைத்தார்.

அவள் குட்டியின் பாவாடையைப் பிழிந்துவிட்டாள். பிழிந்துகொண்டே இன்னொன்று கேட்டாள். "ஒரு பழத்துல ஒரே மருந்துதானா?"

"மூணு நாலு இருக்கும்."

"எல்லாத்தையும் இந்த டம்ளர்லதான் ஊத்துவீங்களா?"

"இல்லயில்ல. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி டம்ளர்."

"வயிறு ஒண்ணுதானே இருக்கு?"

நூறு சார் ஈரத் துண்டை மடித்தார். "அதைப் பத்தி மேலிடத்துல பேசிட்டிருக்காங்க" என்றார். எத்தனையோ வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. அப்புறம் ஞாபகம் வந்தவராக, "புதன்கிழமைக்கு ரெண்டு பாட்டில் ஜாம் எடுத்து வை. போன தரம் கொண்டுபோனது தேநீர் இடைவேளையிலயே காலி. எங்க குழுத் தலைவியம்மா பாட்டிலை வழிச்சு நக்காத குறை" என்றார்.

அன்று மாலை அவள் ஏதோ சாக்குச் சொல்லிக் கடைக்குப் போய், அங்கிருந்து மகளுக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். குழுவே தோல் தின்கிறதா என்று மறுபடி மறுபடி கேட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது.

"அம்மா, குட்டி எவ்வளவு சாப்பிடறா?"

"ரெண்டு கரண்டி. சில நாள் மூணு."

"சொல்லிடும்மா."

"சொன்னா மனுஷன் தாங்கமாட்டாரே. இனிமே என் கையால எதைக் கொடுத்தாலும் உத்துப் பார்ப்பார்."

"சொல்லலன்னா கையெழுத்துப் போட்டுடுவாரேம்மா" என்றாள் மகள்.

அடுத்த இரண்டு நாளும் அவள் பாட்டிலைப் பரணில் ஏற்றி வைத்தாள். குட்டி தரையில் புரண்டு அழுதாள். குழந்தையை எதற்கு அழவிடுகிறாய் என்று தாத்தா முணுமுணுத்து, நாற்காலியை ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு அதன்மேல் ஏறிப் பாட்டிலை எடுத்தார். அவள் ஓடிப்போய்ப் பிடுங்கினாள். "பல்லு சொத்தையாயிடும்" என்றாள். அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவள் எதையும் பிடுங்குகிறவள் இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வழக்கம்போல ஆரஞ்சை உரித்தார், தோலை அடுக்கினார், தட்டை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போகவில்லை. பலகையும் கத்தியும் கொண்டுவந்து அவர் எதிரிலேயே உட்கார்ந்து, தோலைத் தீக்குச்சி கனத்துக்கு அரிய ஆரம்பித்தாள்.

"என்ன பண்றே?"

"ஜாம்."

அவர் கத்தியைப் பார்த்தார். பலகையில் நீள நீளமாக விழுந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். வாயிலிருந்த சுளையை மெல்லுவதை நிறுத்தினார். வில்லை மாறினதும் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தில் எழுத்து தெளிகிற அந்தக் கணத்தை அவள் தினமும் பார்க்கிறவள். ஒரு நாளும் இவ்வளவு வலித்ததில்லை.

"எத்தனை நாளா?" என்றார்.

"முதல் நாள்லேர்ந்து."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"திராட்சைக்குத் தோல் உரிக்கிற மனுஷன்கிட்ட எப்படிங்க சொல்றது? அவ்வளவு ஆசையா சாப்பிட்டீங்க. அதைப் பார்க்கறதுக்குன்னே கிண்டுவேன்." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "கோபம்னா திட்டுங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க."

அவர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றார். திரும்பிவந்து பென்சிலை எடுத்துப் பழைய செய்தித்தாள் ஓரத்தில் கணக்குப் போட்டார். அவளிடம் கேட்டதெல்லாம் ஒரு பாட்டிலுக்கு எத்தனை பழம், ஒரு கரண்டியில் எவ்வளவு தோல் என்பதுதான். குட்டியின் எடையைக் கேட்கவில்லை, அது அவருக்குத் தெரியும். கடைசியில் பென்சிலை வைத்தார்.

"இப்ப இருக்கற அளவுல வழியல. விளிம்பு வரைக்கும் வருது. புது அளவுன்னா வழியும்."

"மூணு தரம் கொதிக்கவெச்சுத் தண்ணியைக் கொட்டறேனே? அதுல போயிடாதா?"

"போகலாம். போகாமலும் இருக்கலாம். மெழுகுல கலந்த மருந்து. யாரும் அளந்து பார்க்கல." செய்தித்தாளை மடித்துக்கொண்டே அவரே சொன்னார், "யாரும் சாப்பிடறதில்லன்னு நான்தானே சொல்லிட்டேன். அப்புறம் எவன் அளப்பான்?"

அவள் அரிந்த தோலைக் குப்பையில் கொட்டப் போனாள். அவர் தடுத்தார். "கொட்டாதே. வழக்கமா எப்படிப் பண்ணுவியோ அப்படியே பண்ணு. நாளைக்கு ரெண்டு பாட்டில் வேணும்னு சொன்னேன்ல" என்றார். குரலில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. அவளுக்கு அதுதான் என்னவோ போலிருந்தது.

புதன்கிழமை கடையில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரப்பார்வை வில்லையை மாட்டிவிட்டு நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டாள். வாசலில் நூறு சார் தலை தெரிந்தபோது நேரத்துக்கு முன்னாலேயே கடையைச் சாத்தினாள். கண் பரிசோதிக்கிற நாற்காலியில், அழுத்திக்கூடப் பார்க்காமல், அவர் பொத்தென்று உட்கார்ந்தார்.

"தேநீர் இடைவேளை வரைக்கும் வாயே திறக்கல நான். எல்லாரும் ரொட்டில தடவித் தடவிச் சாப்பிட்டாங்க. தலைவியம்மா மூணு. அப்புறம் கூட்டம் மறுபடி தொடங்கினதும், அறிக்கைல இருக்கற 'தோல் உண்ணப்படுவதில்லை'ங்கிற வரியைப் படிச்சேன். படிச்சுட்டு, இந்த மேசைல தோல் சாப்பிடாதவங்க கை தூக்குங்கன்னேன். எல்லாரும் கை தூக்கினாங்க. பாட்டிலைக் காட்டினேன்."

"ஐயையோ!"

"ஒருத்தர் கரண்டியைக் கீழ போட்டுட்டார். ஒருத்தர், உங்க வீட்டுச் சமையலை வெச்சு நாட்டுக்கே கணக்கை மாத்தறதான்னு கேட்டார். நியாயமான கேள்விதான். எங்க வீட்டு மேசையை வெச்சுத்தானே கேள்வியை எடுத்தீங்கன்னேன். அந்தத் தப்பான பதிலைச் சொன்னவனே நான்தான்னேன்." அதைச் சொன்னபோது அவர் காது மடல் சிவந்தது. "இன்னொருத்தர், நூறு மடங்கு விட்டுத்தானே வெச்சிருக்கோம், துளி வழிஞ்சா என்னன்னார். எனக்கு வந்ததே கோபம். அந்த நூறு நமக்குத் தெரியாததுக்காக விட்டது சார், தெரிஞ்சே தப்பா எழுதறதுக்கு இல்லன்னுட்டேன்."

"தலைவியம்மா?"

"இந்த ஜாமை எங்க வாங்கலாம்னு கேட்டுட்டு, கம்பெனி மனுவைத் திருப்பி அனுப்பிட்டாங்க. தோலைச் சமைச்சு அளந்து பார்க்கற வரைக்கும் பழைய அளவுதான். கணக்கெடுப்பையும் மறுபடி எடுக்கணும்." அவர் கொஞ்சம் தயங்கினார். "ஒரு பாட்டிலை ஆய்வுக்கூடத்துக்கு மாதிரியா கொடுத்துட்டு வந்தேன். முடிவு வர்ற வரைக்கும் குட்டிக்கு வேண்டாம். எனக்கு மட்டும் ஒரு துண்டு ரொட்டிக்குக் கொடு. விளிம்புக்குள்ளதான் இருக்கேன்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வில்லை துடைக்கிற துணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தோல் என்று தெரிந்த பிறகும் கேட்கிறாரே என்று அந்த மனுஷன்மேல் அவளுக்கு அப்படி ஒரு பாசம் பொங்கியது.

கொஞ்ச நாளில் அதே கணக்கெடுப்புப் பெண் அதே தராசோடு வந்தாள். மறு ஒத்திகையும் இந்த வீட்டில்தான் தொடங்க வேண்டும் என்று நூறு சாரே எழுதிக் கொடுத்திருந்தாராம். அவர் திராட்சை உரித்துக்கொண்டிருந்தார். மடியில் குட்டி, உரித்த பழத்துக்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். பெண் மேசையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள்.

"என்கிட்டக் கேக்காதீங்கம்மா" என்றார் அவர். "அந்தப் பக்கம் போய்க் கேளுங்க. அடுப்படில."

கண்ணாடிக்காரம்மா முக்காலியை இழுத்துப் போட்டாள். ஆரஞ்சைப் பற்றி விலாவாரியாகச் சொன்னாள். எத்தனை தரம் கொதி, எவ்வளவு தண்ணீர், எல்லாம். உருளைக்கிழங்குத் தோல், எலுமிச்சை, பூசணி என்று பெண் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"திராட்சை?"

"அவரும் குழந்தையும் தோல் உரிச்சுதான் சாப்பிடுவாங்க. அவர் கையாலயே உரிச்சுடுவார்."

"உரிச்ச தோல் குப்பைக்குத்தானே?"

"ஐயோ, அதை ஏன் குப்பைல போடறது? சதை ஒட்டிட்டிருக்குமே" என்றாள் அவள், மறைக்க வேண்டிய விஷயம் என்றே தோன்றாமல். "தட்டை எடுத்துட்டு வர்ற வழியிலயே நான் வாய்ல போட்டுடுவேன். கல்யாணமானதுலேர்ந்து அப்படித்தான்."

கூடத்தில் திராட்சை உரித்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. பெண் எழுதி முடித்துத் தராசைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். கண்ணாடிக்காரம்மா தட்டை எடுக்க வந்தாள். வழக்கமாக ஓரத்தில் அடுக்கி வைத்திருக்கும் தோல்களைக் காணோம், அவர் சட்டைப் பையில் பிதுங்கிக்கொண்டிருந்தன.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. குட்டிக்கும் தனக்கும் ஒன்றும் ஆகிவிடக்கூடாதென்று இத்தனை வருஷம் ஒவ்வொன்றாக உரித்து எடுத்ததெல்லாம் யார் வயிற்றுக்குள் போயிருக்கிறது என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவர் கண் நிறைந்திருந்தது.

"எனக்கு ஒண்ணும் ஆகலைங்க. நல்லாத்தானே இருக்கேன்" என்றாள்.

அவர் ஒரு திராட்சையை எடுத்தார். சட்டையில் துடைத்தார். உரிக்காமல் அப்படியே வாயில் போட்டு, முகத்தைக் கோணிக்கொண்டு, தோலோடு மென்று விழுங்கினார். இன்னொன்றை உரித்து, பழத்தை அவள் கையில் வைத்துவிட்டு, தோலைத் தானே தின்றார்.